தூக்கம் என்று நாம் நினைப்பது

“நேத்து ராத்திரிகூட நல்லாத்தான் இருந்துச்சு.” ஹாம்ஸ்டர் செத்துப்போன வீடுகளில் இந்த வாக்கியம் தவறாமல் வரும். பிள்ளைகள் அழுவார்கள். சின்ன ஜீவன்தானே, அதற்கு ஆயுசு அவ்வளவுதான் என்று பெரியவர்கள் தேற்றுவார்கள். கொஞ்ச நாள் கழித்து அதே கடையில், அதே கூண்டுக்கு இன்னொன்று வாங்கி வருவார்கள்.

நேற்று ராத்திரி அது நன்றாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஹாம்ஸ்டர் பிறருக்கு இரையாகும் பிராணி. ஆந்தையும் நரியும் பாம்பும் திரியும் வெளியில், நொண்டுவதையும் சோர்வதையும் காட்டிக்கொள்வது முதலில் பிடிபடும். அதனால் நோயை மறைப்பது அதன் உடம்பில் ஊறியிருக்கிறது. பகலெல்லாம் தூங்கி, வீட்டார் படுத்த பிறகு விழிக்கும் பழக்கமும் சேர்ந்துகொள்ள, நோயின் முதல் நாள் நம் கண்ணில் படுவதே இல்லை. நாம் கவனிக்கும்போது பெரும்பாலும் அது இரண்டாம் நாள். நூறு கிராம் உடம்புக்கு இரண்டு நாள் நோய் என்பது நீண்ட காலம்.

வேடிக்கை என்னவென்றால், பதற வேண்டிய இடத்தில் சும்மா இருக்கும் அதே வீடுகள், இயல்பான உடலுறுப்பு ஒன்றைப் பார்த்துப் புற்றுநோய் என்று பதறவும் செய்கின்றன. இரண்டு வகைத் தவறுகளையும் இங்கே சேர்த்தே பார்க்கலாம்.

“ஆயுசே ரெண்டு வருஷம், எப்ப வேணும்னாலும் போயிடும்”

ஆயுள் குறைவு என்பது உண்மை. கடைகளில் அதிகம் விற்கும் சிரியன் ஹாம்ஸ்டர் இரண்டு முதல் இரண்டரை ஆண்டு வாழும். குள்ள வகைகள் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு; அவற்றிலேயே மிகச் சிறியதான ரோபரோவ்ஸ்கி மூன்றையும் தொடலாம். ஆனால் நான்கு மாதத்தில் செத்த ஹாம்ஸ்டர் முதுமையால் சாகவில்லை. ஆறு வாரக் குட்டியின் சாவையும் இரண்டு வயதுக் கிழத்தின் சாவையும் ‘ஆயுசு முடிந்தது’ என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுவதால், முதல் சாவு ஏன் நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாவது ஹாம்ஸ்டரும் அதே காரணத்தால் போகிறது.

நோய் மறைந்திருந்தாலும் எடை மறைக்காது. சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு போதும். அதன் மேல் ஒரு கிண்ணத்தை வைத்து, வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வளர்ந்த சிரியன் 100 முதல் 150 கிராம் இருக்கும்; குள்ள வகைகள் 30 முதல் 50; ரோபரோவ்ஸ்கி 20 முதல் 25. எல்லாவற்றையும்விட அதனதன் பழைய எடைதான் அளவுகோல். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், அது ஓடியாடிக்கொண்டிருந்தாலும், மருத்துவரிடம் காட்ட வேண்டும். 120 கிராம் ஹாம்ஸ்டர் 12 கிராம் இழப்பதைக் கையில் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அடர்ந்த ரோமம் அந்த மெலிவை மூடிவிடும்.

தண்ணீரும் அப்படித்தான். நூறு கிராம் எடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 மில்லி குடிப்பது வழக்கம். பாட்டிலில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால், திடீரென்று இரட்டிப்பாகக் குடிப்பதும், குடிப்பதையே நிறுத்துவதும் தெரிந்துவிடும். கணவாய் ஓடு, கலர் வீடு, குட்டி ஊஞ்சல் என்று கடையில் வாங்கும் எல்லாவற்றையும்விட அந்தத் தராசுதான் ஹாம்ஸ்டருக்கு உதவும்.

“வால் ஈரமா இருக்கு, மூத்திரத்துல உக்காந்திருக்கும்”

இந்த ஒரு தவறு எடுக்கும் உயிர்கள் அதிகம். வாலடியும் அடிவயிறும் ஈரமாகி, ரோமம் ஒட்டி, நாற்றமடிக்கும் நீர்த்த மலம் வந்தால் அது ‘வெட் டெயில்’ என்று வளர்ப்பவர்கள் சொல்லும் குடல் நோயாக இருக்கலாம். லாசோனியா இன்ட்ராசெல்லுலாரிஸ் என்ற பாக்டீரியா சிறுகுடலின் கடைப்பகுதிச் செல்களுக்குள்ளேயே புகுந்து வாழ்கிறது. செல்கள் கட்டுமீறிப் பெருகிக் குடற்சுவர் தடிக்கிறது. பன்றிகளுக்கும் குதிரைகளுக்கும் குடல் நோய் தருவதும் இதே கிருமிதான். ஹாம்ஸ்டரில் அது ஈரம் தெரிந்த 24 முதல் 48 மணி நேரத்தில் கொல்லக்கூடியது.

யாருக்கு வருகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. பெரும்பாலும் மூன்று முதல் பத்து வார வயதுள்ள சிரியன் குட்டிகளுக்கு. அதாவது, தாய்ப்பால் மறந்து, மொத்த வியாபாரியிடமிருந்து கடைக்கும், கடையிலிருந்து நம் வீட்டுக்கும் பெட்டிகளில் பயணம் செய்யும் அதே வாரங்களில். நெரிசல், பயணம், திடீர் தீனி மாற்றம், புதிய வீட்டின் சத்தம், வந்த அன்றே பத்துப் பிள்ளைகள் மாறி மாறித் தூக்கியது எல்லாம் சேர்ந்து அதன் எதிர்ப்புச் சக்தியை உடைக்கின்றன. கிருமி உள்ளே போய் நோய் வெளிப்பட ஒரு வாரம் போல ஆகும் என்பதால், வாங்கி வந்த முதல் வாரத்தில் சாகிற குட்டிகள் பல கடையிலேயே நோயை வாங்கிவிட்டவை. கடைக்காரர் ‘நாங்க குடுக்கும்போது நல்லா இருந்துச்சே’ என்பார். அவர் பொய் சொல்லாமலும் இருக்கலாம்.

ஈரத்தோடு முதுகைக் கூனி உட்கார்ந்திருப்பது, கண் குழிவது, தீனியைத் தொடாதது, தொட்டால் எரிச்சலாகக் கத்துவது, சில சமயம் ஆசனவாய் வழியே குடல் சிவப்பாக வெளித்தள்ளுவது ஆகியவை மற்ற அறிகுறிகள். இதில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், நாளைக் காலை அல்ல. அவர் தோலுக்கடியில் நீரேற்றுவார், ஹாம்ஸ்டருக்கு ஒத்துக்கொள்ளும் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார். அப்படியும் எல்லாம் பிழைப்பதில்லை. போகாவிட்டால் பிழைப்பது அரிது. குளிப்பாட்டக் கூடாது. ஏற்கெனவே நீரிழந்து உடல் வெப்பம் சரிந்துகொண்டிருக்கும் பிராணியைத் தண்ணீரில் நனைப்பது அதைச் சாவுக்குள் தள்ளிவிடுவதுதான். வெதுவெதுப்பான ஈரத் துணியால் அழுக்கை ஒற்றி எடுத்து, உலர்த்தி, கதகதப்பாக வைத்தால் போதும்.

வருமுன் காப்பது கடையிலேயே தொடங்குகிறது. மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். பகலில் எல்லாம் தூங்கும், எது சோர்ந்தது எது தூங்குவது என்று தெரியாது. அந்தக் கூண்டில் ஒன்றுக்கு வால் ஈரமாக இருந்தாலும், துள்ளிக்குதிக்கும் மற்றதையும் அன்று வாங்க வேண்டாம். கடை பதிவு பெற்றதா என்றும் கேளுங்கள். 2018-இன் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பின் முதல் மூன்று நான்கு நாள் தூக்காமல், கடையில் தின்ற அதே தீனியைக் கொடுத்து, அதன் போக்கில் விட வேண்டும். செத்துப்போன ஒன்றின் கூண்டில் புதியதை விடுவதானால், மரச் சாமான்களையும் படுக்கையையும் எறிந்துவிட்டு, மற்றவற்றைப் பிளீச்சிங் கரைசலில் கழுவி வெயிலில் காய வைக்காமல் விடவே கூடாது.

“வயித்துப்போக்குதானே, கொஞ்சம் தயிர்சாதம். கேக்கலைன்னா புள்ளைக்கு வாங்கின சிரப்”

தயிர்சாதத்தால் உடனே சாகாது. மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட வைக்கிறது என்பதே அதன் கெடுதல். சிரப்தான் கொல்கிறது.

வீட்டு ஃபிரிட்ஜில் மிச்சமிருக்கும் குழந்தையின் ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் அமாக்ஸிசிலின். மனிதக் குழந்தைக்கு அது சாதுவான மருந்து. ஹாம்ஸ்டருக்கு விஷம் என்றே சொல்லலாம். அதன் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களை அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின், கிளின்டமைசின், லிங்கோமைசின், எரித்ரோமைசின் போன்றவை அழித்துவிடுகின்றன. காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசிலி என்ற கிருமி பெருகி நச்சைக் கக்குகிறது. மருந்து கொடுத்த சில நாட்களில் ரத்தம் கலந்த கழிச்சலோடு, சில சமயம் கழிச்சல்கூட இல்லாமல், செத்துவிடும். புண்ணில் தடவிய களிம்பை நக்கினாலும் அதே ஆபத்து உண்டு.

இந்தக் கொடுமையால் மனிதர்களுக்கு ஒரு நன்மையும் கிடைத்திருக்கிறது. கிளின்டமைசின் எடுத்துக்கொண்ட நோயாளிகளுக்குக் கடுமையான பெருங்குடல் அழற்சி ஏன் வருகிறது என்பது 1970-களில் புதிராக இருந்தது. அமெரிக்க மருத்துவர் ஜான் பார்ட்லெட்டும் உடன் பணியாற்றியவர்களும் அதே மருந்தை ஹாம்ஸ்டர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; நச்சு சுரக்கும் ஒரு கிளாஸ்ட்ரிடியம்தான் காரணம் என்று 1977-இல் காட்டினார்கள். மனித நோயாளிகளிலும் காரணம் அதுவே என்பது அடுத்த ஆண்டே உறுதியானது. ஹாம்ஸ்டர் அந்த அளவுக்கு எளிதில் அந்த நோய்க்கு ஆளாகும் என்பதுதான் ஆய்வுக்கு உதவியது. நம் வீட்டில் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

நாய், பூனை மட்டுமே பார்க்கும் மருத்துவர் ஒருவர் அமாக்ஸிசிலின் எழுதினால், ‘ஹாம்ஸ்டருக்கு இது ஆகுமா சார்’ என்று கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். என்ரோஃப்ளாக்ஸசின், ட்ரைமெதோப்ரிம்-சல்ஃபா போன்றவைதான் ஹாம்ஸ்டருக்கு வழக்கமாகப் பயன்படுகின்றன. அளவு கிராம் கணக்கில் என்பதால் அதை அவரே தீர்மானிக்க வேண்டும்.

“அசையாம கிடந்தா அது குளிர்கால உறக்கம்”

மதுரையில் மே மாதத்தில் ஹாம்ஸ்டர் அசையாமல் கிடந்தால் அது குளிர்கால உறக்கம் இல்லை. இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம், குளிர்நாட்டில் எழுதப்பட்ட குறிப்புகளை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திப் படிக்கும் பழக்கம்.

சிரியன் ஹாம்ஸ்டர் குளிர் உறக்கத்தில் ஆழக்கூடியதுதான். அதற்குக் கடுங்குளிரும் குறுகிய பகலும் வாரக்கணக்கில் தொடர வேண்டும். ஆய்வகங்களில் 5 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர வைத்துத்தான் அதை வரவழைக்கிறார்கள். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஜனவரியில், சூடு இல்லாத வராந்தாவில் கூண்டு வைத்திருந்தால் உடல் குளிர்ந்து மரத்துப்போக இடமுண்டு. அப்போதும் அது நல்லதல்ல. வீட்டு ஹாம்ஸ்டரிடம் அந்த உறக்கத்துக்கு வேண்டிய கொழுப்புச் சேமிப்பு இருப்பதில்லை. அறையைக் கதகதப்பாக்கி, கைகளுக்குள் பொதிந்து, மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். வெந்நீர்ப் பையை நேராக ஒட்டக் கூடாது. குளிரில் விறைத்ததைச் செத்துவிட்டது என்று அவசரப்பட்டுப் புதைத்துவிடாமல், மூச்சு நிமிடத்துக்கு ஒன்றிரண்டாவது ஓடுகிறதா, மீசை துடிக்கிறதா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

நம் சமவெளியில் அசையாமை பெரும்பாலும் வெப்பத்தின் வேலை. ஹாம்ஸ்டருக்கு இதமான அறை வெப்பம் 20 முதல் 24 டிகிரி. அதற்கு வியர்க்காது, நாயைப்போல இளைத்தும் சூட்டை அவ்வளவாக இறக்கிக்கொள்ள முடியாது. 30-ஐத் தாண்டினாலே சிரமம். கத்திரி வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில் 38 டிகிரியில், கண்ணாடித் தொட்டிக்குள், ஜன்னல் வெயில் பட இருந்தால் ஒரே மதியத்தில் முடிந்துவிடும். முதலில் உடம்பை நீட்டித் தரையோடு தட்டையாகப் படுக்கும், மூச்சு வேகமாகும், வாயோரம் ஈரமாகும், நடந்தால் தள்ளாடும், பிறகு துவண்டுவிடும். ‘சமத்தாத் தூங்குது’ என்று நாம் கடந்துபோவது இந்தக் கட்டத்தில்தான்.

மின்விசிறி போட்டிருக்கிறோமே என்பார்கள். வியர்வை உலர்வதால்தான் விசிறி நம்மைக் குளிர்விக்கிறது; வியர்க்காத பிராணிக்கு அது சூடான காற்றைத்தான் அள்ளி வீசும். கவிழ்த்த மண்சட்டியில் வாசல் உடைத்து வீடாக வைப்பது, உள்ளே ஒரு தரை ஓட்டுத் துண்டு போடுவது, உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு பக்கம் மட்டும் சாய்த்து வைப்பது, மதிய நேரத்தில் வீட்டிலேயே குளிர்ந்த அறையின் தரைக்குக் கூண்டை மாற்றுவது ஆகியவை உதவும். துவண்டு கிடந்தால் நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் பாதங்களையும் காதுகளையும் துடைத்து, விழுங்க முடிந்தால் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வைத்து, மருத்துவரிடம் ஓட வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கினால் அதிர்ச்சியிலேயே போய்விடும்.

“இடுப்புல கறுப்பா கட்டி இருக்கு, கேன்சர்”

இனி வீண் பயங்கள். சிரியன் ஹாம்ஸ்டரின் இரண்டு விலாப்புறத்திலும் கறுத்த, கொஞ்சம் மேடான புள்ளிகள் உண்டு. அவை மணச் சுரப்பிகள். ஆணுக்குப் பெரிதாகவும், சில சமயம் ஈரமாகவும் ரோமம் இல்லாமலும் தெரியும். குள்ள வகைகளுக்கு இதே சுரப்பி வயிற்றின் நடுவில் மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருக்கும். படர்தாமரை என்று களிம்பு தடவியவர்கள் உண்டு. இரு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருந்தால் அது உறுப்பு. ஒரு பக்கம் மட்டும் தோன்றி வாரா வாரம் வளர்ந்தால் அது கட்டி.

வெயில் காலத்தில் பின்பக்கம் இரண்டு பெரிய வீக்கங்கள் தெரிகின்றன என்று மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆண் ஹாம்ஸ்டரின் விரைகள் உடம்போடு ஒப்பிட்டால் மிகப் பெரியவை. சூட்டில் இறங்கி நன்றாகத் தெரியும். மருத்துவர் சிரிக்காமல் சொல்லி அனுப்புவார்.

பெண்ணுக்கு நான்கு நாட்களுக்கு ஒருமுறை சினைப்பருவம் வரும். மறுநாள் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ, நூல்போல இழுபடும் கெட்டியான கசிவு, ஒரு வாடையோடு வெளிப்படும். இது இயல்பு. இதை வெட் டெயில் என்றோ கர்ப்பப்பைச் சீழ் என்றோ எண்ணிப் பயப்படுகிறார்கள். ஆனால் கர்ப்பப்பைச் சீழ் என்ற நோயும் நிஜமாகவே உண்டு என்பதுதான் சங்கடம். நாள்காட்டியில் குறித்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: நான்கு நாள் ஒழுங்கில் வந்து ஒரே நாளில் நின்று, பிராணி சுறுசுறுப்பாக இருந்தால் சரி. தினமும் வந்தால், ரத்தமோ அழுகல் நாற்றமோ இருந்தால், வயிறு உப்பினால், தண்ணீர் அதிகம் குடித்தால் தாமதிக்கக் கூடாது.

முன்பற்கள் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் இருப்பதும் இயல்புதான். அவை ஆயுள் முழுக்க வளரும். கடித்துத் தேய்க்கக் கெட்டியான பொருள் இல்லாவிட்டால் வளைந்து வாயையே குத்தும். தீனியை ஆசையாக எடுத்து உடனே கீழே போட்டால் முதலில் பல்லைப் பாருங்கள்.

கன்னப்பை தோள்வரை நீளும், அடைத்துக்கொண்டால் முகம் இரட்டிப்பாகும். ஒரு நாளைக்கு மேல் ஒரே பக்கம் காலியாகாமல் வீங்கியிருந்தால் உள்ளே அடைப்போ சீழோ இருக்கலாம். வாயிலிருந்து ஈரமான இளஞ்சிவப்புச் சதை வெளியே தொங்கினால் பை புரண்டுவிட்டது என்று பொருள். அது அவசர நிலை. சூடான சாதமும் ஒட்டும் மிட்டாயும் கன்னப்பைக்கு ஆகாது.

“தனியா இருந்தா ஏங்கிப்போகும், ஜோடியா வாங்குங்க”

இந்த யோசனையால் வியாபாரிக்கு லாபம். சிரியன் ஹாம்ஸ்டரின் கதையே வேறு. 1930 ஏப்ரலில் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழக விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி, சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வயலைத் தோண்டச் செய்து ஒரு தாயையும் 11 குட்டிகளையும் எடுத்தார். காலா-அசார் நோயை ஆராய்ந்த சால் அட்லருக்கு ஆய்வகத்தில் பெருகக்கூடிய ஹாம்ஸ்டர் தேவைப்பட்டிருந்தது. சாவும் தப்பியோடலும் போக மிஞ்சிய சிலவற்றின் வம்சம்தான் இன்று உலகெங்கும் வீடுகளில் இருக்கும் சிரியன்களில் மிகப் பெரும்பாலானவை. ஜெர்மானிய விலங்கியலாளர் ரோல்ஃப் கட்டர்மான் குழு 1990-களின் கடைசியில் அதே வட்டாரத்தில் காட்டு ஹாம்ஸ்டர் வளைகளை ஆராய்ந்தபோது, ஒரு வளையில் ஒன்றுக்கு மேற்பட்ட வளர்ந்த ஹாம்ஸ்டரைக் காணவே இல்லை. தனிமை அதன் இயல்பான வாழ்க்கை. எட்டுப் பத்து வாரத்துக்குப் பிறகு இரண்டை ஒரே கூண்டில் விட்டால் சண்டை, கடிகாயம், சீழ்க்கட்டி, சில சமயம் காலையில் ஒரு பிணம்.

அதே ஆய்வில் வளைகளின் சராசரி ஆழம் 65 சென்டிமீட்டர். இங்கே கூண்டுகளில் நாம் தூவுவது ஒரு விரற்கடை மரத்தூள். ஸ்விட்சர்லாந்தில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வு 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழப் படுக்கைகளை ஒப்பிட்டது. 10 சென்டிமீட்டர் கூட்டம்தான் கம்பியை மிக அதிகமாகக் கடித்தது. கம்பி கடிப்பதை ‘வெளியே விளையாட ஆசைப்படுது’ என்று ரசிக்கிறோம். அதில் பல்லும் மூக்கும் புண்ணாகின்றன. ஓயாத மன உளைச்சல் நோய்க்கும் கதவைத் திறக்கிறது.

“பஞ்சு மெத்தை, வாரம் ஒரு குளியல், கொஞ்சம் சாம்பிராணி”

பஞ்சு இழை காலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்தும். விழுங்கினால் குடலை அடைக்கும். கிழித்த டிஷ்யூ பேப்பர் போதும். வாசனை மரத்தூள் மூச்சுக்குழலை அரிக்கும். சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்தியும் அப்படியே. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் அறையிலிருந்து கூண்டை மாற்றிவிடுங்கள். மூச்சு விடும்போது டிக் டிக் என்று சத்தம், மூக்கில் சளி, விலா ஏறி இறங்குவது தெரிந்தால் நுரையீரல் சளியாக இருக்கும்; அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. குளியல் வேண்டவே வேண்டாம். ஒரு கிண்ணத்தில் சுத்தமான மணல் வைத்தால் தானே புரண்டு சுத்தம் செய்துகொள்ளும். பவுடர்போல மெல்லிய தூள் கூடாது.

“சூரியகாந்தி விதையும் பழமும்தான் அதுக்கு உயிர்”

உயிர்தான், அதனால்தான் மற்றதை ஒதுக்கிவிட்டு அதையே தின்கிறது. கொழுப்பு மட்டுமே ஏறி, மற்றச் சத்துகள் இல்லாமல் போகின்றன. தானியக் கலவை அடிப்படை உணவு, காய் கொஞ்சம், விதை ஒன்றிரண்டு.

பழத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. சீன ஹாம்ஸ்டருக்குத் தானாகவே சர்க்கரை நோய் வருகிறது என்பது 1959-இலேயே பதிவானது. கேம்ப்பெல் குள்ள வகைக்கும் அந்தப் போக்கு உண்டு. கடைகளில் ‘ட்வார்ஃப்’ என்று விற்பவை பல கலப்பினங்கள் என்பதால், எல்லாக் குள்ள வகைக்கும் மாம்பழம், வாழைப்பழம், திராட்சை கொடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். தண்ணீர் பாட்டில் ஒரே நாளில் காலியாவதும், மரத்தூள் எப்போதும் நனைந்திருப்பதும், நன்றாகத் தின்றும் மெலிவதும் சர்க்கரையின் அடையாளங்கள்.

“கடிச்சிடுச்சு, ரேபிஸ் ஊசி போடணும்” / “வீட்டுக்குள்ளயே வளருது, அதுகிட்ட என்ன கிருமி”

ஒரே வீட்டில் இரண்டையும் கேட்கலாம். வீட்டுக்குள் வளரும் ஹாம்ஸ்டருக்கு ரேபிஸ் இருப்பது ஏறக்குறையக் கேள்விப்படாதது. அதிலிருந்து மனிதருக்குப் பரவியதாகவும் தெரியவில்லை. காயத்தை சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகிவிட்டதா என்று மருத்துவரிடம் கேட்டால் பெரும்பாலும் போதும். மற்றதை அவர் முடிவு செய்வார்.

இரண்டாவது நினைப்பில்தான் ஆபத்து. சால்மொனெல்லாவும் குட்டை நாடாப்புழுவும் ஹாம்ஸ்டரின் கழிவிலிருந்து பிள்ளைகளுக்கு வரலாம். வீட்டுச் சுண்டெலிகளிடம் இயல்பாக வாழும் எல்சிஎம்வி என்ற வைரஸ், எலித் தொல்லையுள்ள பண்ணைகளில் ஹாம்ஸ்டருக்குத் தொற்றும். 2005-இல் அமெரிக்காவில் ஒரே கொடையாளரின் உறுப்புகளைப் பெற்ற நான்கு பேருக்கு அந்த வைரஸ் பரவி மூவர் இறந்தார்கள். கொடையாளரின் வீட்டிலிருந்த ஹாம்ஸ்டரிடம் அது கண்டுபிடிக்கப்பட்டது. நல்ல உடல்நலம் உள்ளவருக்கு அது சாதாரணக் காய்ச்சலோடு போகும். கர்ப்பிணியின் சிசுவுக்கு அப்படிப் போகாது: மூளையையும் பார்வையையும் பாதிக்கும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கூண்டைச் சுத்தம் செய்வது வேறொருவர் வேலை.

சில நோய்கள் இரண்டு திசையிலும் போகும். கொரோனா வைரஸ் ஹாம்ஸ்டரை எளிதில் தொற்றும். 2022 ஜனவரியில் ஹாங்காங்கில் ஒரு கடையின் ஹாம்ஸ்டர்களிடமிருந்து மனிதர்களுக்கு டெல்டா வகை பரவியது தெரிந்து, ஏறக்குறைய 2,000 சிறு பிராணிகள் கொல்லப்பட்டன. உங்களுக்குக் காய்ச்சல், சளி என்றால் ஹாம்ஸ்டரை வேறொருவர் கவனிக்கட்டும். இல்லையென்றால் முகக்கவசம் போட்டுக்கொண்டு தீனி வையுங்கள்.

“இத்துனூண்டு உசிருக்கு டாக்டரா?”

விலங்கின் விலை முந்நூறு ரூபாய், மருத்துவருக்கு ஐந்நூறா என்ற கணக்கில்தான் பல ஹாம்ஸ்டர்கள் சாகின்றன. இத்தனை சிறிய உடம்புக்கும் நீரேற்றலாம், வாயு மயக்க மருந்து கொடுத்துக் கட்டியை நீக்கலாம், சீழ்பிடித்த கர்ப்பப்பையை எடுக்கலாம், நீண்ட பல்லை வெட்டிச் சீராக்கலாம். எல்லா நோயும் தீராது. ஒன்றரை வயதைத் தாண்டியவற்றுக்குச் சிறுநீரகத்தில் அமிலாய்ட் படிவதும், இதயத்தில் ரத்தம் உறைவதும் வரும்போது, மருத்துவர் செய்யக்கூடியது வலியைக் குறைப்பதுதான். அந்த நேரத்தில் வலியில்லாமல் முடித்துவைக்க அவர் சொன்னால் அதையும் கேட்கலாம்.

ஆனால் எல்லாக் கால்நடை மருத்துவரும் ஹாம்ஸ்டர் பார்ப்பதில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு வால் நனைந்திருப்பதைப் பார்த்த பிறகு தேடத் தொடங்கினால் யாரும் அகப்பட மாட்டார்கள். ஆகவே ஹாம்ஸ்டர் வாங்கப் போகும் முன்பே உங்கள் ஊரில் இரண்டு மூன்று மருத்துவமனைகளை அழைத்து, ‘முயல், ஹாம்ஸ்டர் பார்ப்பீர்களா, இரவில் யாரைக் கூப்பிடுவது’ என்று கேட்டு, எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர் யாரும் இல்லாத ஊரானால், ஹாம்ஸ்டர் வாங்காதீர்கள்.